தண்ணீர் பின்னால் வரும் கரை

மகனுக்கு,

நலம் கேட்டு இதைத் தொடங்க எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிறு வந்து, வாசலில் நின்றபடியே உன் குளிர் ஜக்கெட்டை வாங்கிக்கொண்டு போனாயே, நன்றாகத்தான் இருந்தாய். அப்பா சமையலறையில் இருந்தார். உன் குரல் கேட்டதும் எழும்பித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதிப்பதற்குள் உன் கார் போய்விட்டது. அவர் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினார். அதைப் பார்த்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று கதையை முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி முடிக்க முடியாது. உனக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும் என்பதும் எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகாமல் வயிற்றுவலி என்று படுத்துக் கிடந்ததற்கு இது தண்டனை என்று வைத்துக்கொள். மெதுவாகவே வாசி, ஒரு வரியும் விடாமல் வாசி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ பிரான்சுக்குப் போகிறாய். குளிர்காலம் முழுவதும் நோர்மண்டிக் கரை, அதன்பிறகு கடலைத் தாண்டி இங்கிலாந்தின் தென்கரை. முனைக்கும் குடாவுக்கும் மணல்திட்டுக்கும் அந்தந்த ஊர்ச்சனங்கள் வைத்த பெயர்களைக் கேட்டு எழுதுகிற வேலை. ஒரு பல்கலைக்கழகம் இதற்குச் சம்பளம் கொடுத்து ஆளை அனுப்பும் என்பதைக் இந்த டென்மார்க்கில், கோல்டிங்கில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் "உங்கடை மகன் இப்ப எங்கை வேலை?" என்று கேட்டால், "கடற்கரையிலை" என்கிறேன். அவர்கள் பாவம் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். உன்னைக் கேலி செய்தாலும் எனக்கு உள்ளே பெருமைதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு சொல்லப்போவது எதுவும் உனக்கு இனிக்காது.

இந்த வேலை உனக்குக் கிடைத்த வருடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து உன் மகள் மாயாவைத் தூக்கிக்கொண்டு வருவாய். பிட்டும் மீன்குழம்பும் ஆறிக் கொண்டிருக்கும், நீ வரைபடத்தை விரித்துவிடுவாய். ஆங்கிலக் கரையில் 'நெஸ்' என்று முடிகிற பெயர்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் என்பாய். டேனிஷில் அதுதான் 'நேஸ்'. இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் நோர்மண்டியிலும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வந்தார்கள், பிரெஞ்சுக்காரர் அதை மூக்கு என்று எண்ணி 'நே' என்று எழுதி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பாய். "முனை எண்டு சொல்லிப்போட்டு விடன், இதுக்கு ஏன் மூண்டு நாடு சுத்திறாய்?" என்று அப்பா கேட்பார். இன்னொரு முனையை 'குருவேன்' என்பார்களாம், பன்றியின் மூஞ்சி என்று அர்த்தமாம். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் குழம்பு புரைக்கேறியது. தென் பிரான்சில் களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணலை உடைத்துக்கொண்டு ஓடுகிற வாய்க்கு 'கிரோ' என்று பெயர் என்று நீ சொன்னபோது, அப்பா சாப்பிட்ட கையோடு நிமிர்ந்து, "அது முகத்துவாரம். மண் மூடினால் எங்கடை ஆக்களும் வெட்டி விடுவினம்" என்றார். நீ அதை உடனே எழுதிக்கொண்டாய். முப்பது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு வெட்டிய மனிதரிடம் ஒரு சொல் கேட்டு யாராவது எழுதியது அதுதான் முதல் தடவை. அன்று அவர் கை கழுவ மறந்து வெகுநேரம் இருந்தார்.

அந்த மேசையில் இப்போது நானும் அவரும் மட்டும். இரண்டு மாதமாக அப்படித்தான்.

செப்டெம்பரில் அந்தச் சனிக்கிழமை எங்களை மேற்குக் கரைக்குக் கூட்டிப் போனது நீதான். டேனிஷ்காரர் வேடஹாவ் என்று சொல்லும் சேற்றுக்கடல். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் நாங்கள் அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த கடல் கோல்டிங் குடாதான். அங்கே காற்று அடித்தால் ஒழிய, காலையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ மாலையிலும் அங்கேதான் நிற்கும். அப்பா வளர்ந்த யாழ்ப்பாணக் களப்பிலும் வற்றுப்பெருக்கு ஒரு சாண் அளவுதான். மாரியில் கொஞ்சம் ஏறும், கோடையில் கொஞ்சம் இறங்கும். முழங்கால் தண்ணீரில் அரைநாள் நடந்து வலை பார்த்துவிட்டு, போன வழியாலேயே திரும்பி வந்தவர் அவர். அதனால் அவருக்குத் தெரிந்த இரண்டு கடலும் அவருக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தன. ஆழமில்லாத கடலில் பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அது.

கடலைத் தடுக்கக் கட்டிய அணைமேல் ஏறியதும் அவர் முகம் மாறியதை நீ பார்க்கவில்லை. அதற்குள் நீ அங்கே நின்ற டேனிஷ்காரக் கிழவரோடு கதைக்கத் தொடங்கிவிட்டாய். "இஞ்சேரப்பா, இஞ்சை பாரும், எங்கடை பரவைக்கடல்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார் அப்பா. ஆழமில்லாத எங்கள் ஊர்க் களப்பை அவர் அப்படித்தான் சொல்வார். கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணல், நடுநடுவே மெல்லிய தண்ணீர். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டு மாயாவின் கையைப் பிடித்தார். "மட்டி பொறுக்கப் போறம், என்ன குஞ்சு?" அவள் டேனிஷில் ஏதோ கேட்டாள், அவர் தமிழில் பதில் சொன்னார், இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். நான் காருக்குப் பக்கத்தில் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் டப்பாவைத் திறந்து கொண்டிருந்தேன். நீ ஒலிப்பதிவுக் கருவியைக் கிழவரின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மணல்திட்டாகக் கை காட்டிப் பெயர் கேட்டாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து எத்தனையோ காலம்.

முதலில் கண்டது நான்தான். அவர்கள் கடந்து போன வழியில் ஒரு பள்ளம் இருந்தது. போகும்போது அதில் கணுக்கால் தண்ணீர், மாயா குதித்துக் குதித்துத்தான் தாண்டினாள். தேநீர் ஊற்றி பிளாஸ்கை மூடிவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பள்ளம் ஆறாக ஓடுகிறது. அவர்கள் அந்தப் பக்கம், காய்ந்த மணலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் கடல் இன்னும் எங்கேயோ தூரத்தில்தான் இருந்தது. அவர்கள் பார்த்த பக்கத்தில் பயப்பட எதுவும் இல்லை. நான் கத்தினேன். காற்று என் குரலைத் திருப்பி அடித்தது. திரும்பவும் கத்தினேன். அப்போதுதான் கிழவரும் திரும்பிப் பார்த்து உன் கையைப் பிடித்து இழுத்தார், நீ ஓடினாய்.

அப்பா நிமிர்ந்தார். எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். மாயாவைத் தூக்கித் தோளில் வைத்தார். நேரே வரவில்லை. பள்ளம் அகன்று, ஓட்டம் குறைந்து கிடந்த இடம் வரைக்கும் மணலில் நடந்துபோய், அங்கே சரிவாக இறங்கி, காலால் நிலத்தைத் தடவித் தடவி வந்தார். இடுப்பு, வயிறு, நெஞ்சு என்று தண்ணீர் ஏறியது. எனக்குக் கடவுளின் பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மாயா அவர் காதுகளைப் பிடித்துக்கொண்டு, இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று டேனிஷில் அவரை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது விளையாட்டு. நீ தொடையளவு தண்ணீரில் இறங்கிப் பிள்ளையைப் பறித்தாய். பறித்துக்கொண்டு சொன்னாய். என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். "உன்னை நம்ப முடியாது. இனி என் பிள்ளை உன்னோடு தனியே இருக்கமாட்டாள்." டேனிஷில் சொன்னாய். அந்த மொழியில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் ஒரே சொல்தான், எனக்குத் தெரியும், அதை நான் குற்றமாக எடுக்கவில்லை. ஆனால் அணையில் நின்ற எல்லாருக்கும் அது விளங்கியது. அந்தக் கிழவர் மரியாதைக்காக மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா மட்டும் தண்ணீருக்குள்ளேயே நின்றார். பிள்ளை இறங்கிய பிறகும் அவருடைய இரண்டு கையும் தோளுக்கு மேலேயே இருந்தன.

நீ சொன்னது பொய் என்று நான் வாதாட வரவில்லை. அவர் செய்தது பெரிய பிழை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் நான் அவரிடம் கேட்ட கேள்விகளை நீகூடக் கேட்டிருக்கமாட்டாய். "பிள்ளையைத் தண்ணிக்குக் குடுக்கவோ கூட்டிக்கொண்டு போனீங்கள்?" என்று கேட்டேன். "ஓம், என்ரை பிழைதான்" என்றார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் ஆறப் பல நாள் எடுத்தது. அவர் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்காதே.

ஆனால் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அன்று தண்ணீர் திரும்பும் நேரம் உனக்குத் தெரியும். தண்ணீர் நன்றாக வற்றி மணல்திட்டுகள் தெரிய வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் நாங்கள் புறப்படும் நேரத்தையே நீ வைத்தாய். காரில் போகும்போது வழிநெடுக, எந்தத் திட்டுக்கு என்ன பெயர், கோர்ன்வாலில் பாறை பிளந்து கடல் புகுந்த இடத்தை என்னவென்று சொல்வார்கள், நோர்மண்டிக்காரர் சேற்றுக்கு என்ன சொல்லுவார்கள் என்று எல்லாம் சொன்னாய். எப்போது திரும்பி வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாய். அவர், தனக்குத் தெரிந்த கடல்தான் எல்லா இடத்திலும் கிடக்கிறது என்று நினைத்தார். இரண்டு பேரும் ஒரே அச்சு. நீ சொல்லாமல் விட்டது அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் உன்மேல் அவர் ஒருநாளும் பழி சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

அதுவரை ஒவ்வொரு நாளும் அப்பாதான் மாயாவைப் பாடசாலையிலிருந்து கூட்டிவருவார்; அதற்குப் பிறகு அவள் பாடசாலை முடிந்ததும் எஸ்.எப்.ஓ. என்ற பிள்ளைகள் பராமரிப்பிடத்தில் இருக்கிறாள். உன் மனைவி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து கூட்டிப் போகும் வரைக்கும், வேறு பிள்ளைகளோடு இருக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாளாம். இருக்கட்டும். இங்கே உன் அப்பா, அவளைக் கூட்டிவரப் புறப்படுகிற அந்த நேரம் வந்ததும் எழும்பிச் சப்பாத்துப் போடுகிறார். போட்டுவிட்டு வாசல் நடையில் கிடக்கிற கதிரையில் கொஞ்சம் இருக்கிறார். பிறகு கழற்றி வைக்கிறார். முதல்நாள் மறதி என்று நினைத்தேன். மறதி இல்லை. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிகிறது, மகனே. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, எங்கள் வீடு அவ்வளவு சின்னது.

பிறகு இடையிடையே அவர் வெளியே போகத் தொடங்கினார். சங்கத்துக்குப் போறன் என்று காலையில் போய்ப் பின்னேரம்தான் வருவார். ஒருநாள் தேவை ஒன்றுக்காகச் சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டால், "அண்ணை இஞ்சாலை வந்து கனகாலம் அக்கா" என்கிறார்கள். நிலக்கீழ் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அவர் முன்பு போட்டுப்போன சப்பாத்தில் சாம்பல் நிறச் சேறு. கோல்டிங்கில் எங்கேயும் அந்தச் சேறு இல்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். கதையை நிறுத்திக்கொண்ட ஆண்கள் என்னென்ன யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர்க் கரைக்கு ஒருவர் வீட்டில் சொல்லாமல் போகிறார் என்றால் நான் எதை நினைப்பேன், நீயே சொல். அன்று அவர் வரும்வரைக்கும் சன்னலடியை விட்டு நான் நகரவில்லை.

"எங்கை போட்டு வாறியள்?" என்று கேட்டேன்.

"அங்கைதான்" என்றார்.

"என்னத்துக்கு?"

"தண்ணி வாறதைப் பாக்க."

அடுத்த முறை நானும் வருவேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றார், நான் விடவில்லை. ரயில் மாறி, பஸ் ஏறி, குளிரில் நடுங்கிக்கொண்டு அந்த அணையில் போய் நின்றோம். அவர் அணையடிச் சேற்றோடு நின்றுவிட்டார், மணலில் இறங்கவில்லை. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மழைச்சாரல் முகத்தில் அடிக்க, கையை நீட்டி எனக்குக் காட்டினார். "முன்னாலை பாத்துக்கொண்டு நிண்டால் ஒண்டும் தெரியாது. அது முதல் உந்தப் பள்ளங்களுக்குள்ளாலை பின்னாலை வந்திடும். வந்து வழியை மூடிப்போட்டுத்தான் முன்னாலை வரும்." சொல்லச் சொல்லப் பள்ளங்கள் நிறைந்தன. அன்றைக்கு அவர்கள் நின்ற மணல் எங்கள் கண்ணெதிரே தீவாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் தெருவில் நாங்கள் கை பிடித்து நின்றதில்லை.

"இனி இதைப் படிச்சு என்ன செய்யப் போறியள்? பிள்ளையைத் திரும்பவும் இஞ்சை கூட்டிக்கொண்டு வரப் போறியளோ?" என்று கேட்டேன். பயத்தில் என் வாய் அப்படித்தான் பேசும்.

"பிள்ளைக்கு இல்லையப்பா. தம்பிக்கு."

தம்பி என்று அவர் சொல்வது உன்னைத்தான், ஆனாலும் எனக்கு விளங்கவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "அவன் போற இடத்திலை இதைவிடக் கனக்க ஏறுமாம். வத்தினால் மைல் கணக்கிலை வத்துமாம். அவன் கரையிலை நிண்டு பெயர் கேக்கமாட்டான், நடுவுக்கு நடந்து போய்த்தான் கேப்பான். ஆரும் கதை சொல்லத் தொடங்கினால் தலையைக் குனிஞ்சிடுவான், பிறகு உலகம் தெரியாது அவனுக்கு. அண்டைக்கு நீர் கத்தும்வரைக்கும் அவனும் காணேல்லை. அங்கை ஆர் கத்திறது?"

"அப்ப இதை அவனிட்டைச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"நம்பேலாது எண்டு சொன்னவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

இரண்டு மாதமாக அவர் வெட்கத்தில் கிடக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். வெட்கமும் இருந்தது. ஆனால் அவரை அந்தக் கரைக்குத் திரும்பத் திரும்ப இழுத்தது பயம், உன்னைப் பற்றிய பயம். அவர் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்லிவிட்டேன். இனி உனக்குத் தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த ஊர் ஆட்கள் இல்லாமல் மணலில் இறங்காதே. ஒரு பெயரை எழுதினால் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார். எந்த நேரம் இறங்குகிறாய், எந்த நேரம் ஏறுவாய் என்று யாராவது ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போ, அது வெட்கப்படுகிற காரியம் இல்லை. நன்றாகச் சாப்பிடு. பிரெஞ்சுக்காரரின் பாணை மட்டும் கடித்துக்கொண்டு திரியாதே.

கடைசியாக, நான் செய்துவிட்ட ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நேற்று உன் மனைவியோடு கதைத்தேன். மேற்குக் கரையில் நடந்ததையும், அதற்குப் பிறகு நடந்ததையும், இந்தக் கடிதத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சொன்னேன். பாடசாலை வாசலிலிருந்து எங்கள் வீடு, வீட்டிலிருந்து அவள் கை, இடையில் எந்தத் தண்ணீரும் இல்லை என்று நாங்கள் இருவரும் பேசி முடித்தோம். நீ போன அடுத்த நாள், திங்கட்கிழமை, மாயா பாடசாலை விட்டு வரும்போது அவளுடைய அப்பப்பா வாசலில் நிற்பார். அவருக்கு இன்னும் தெரியாது. உன்னை மீறிச் செய்தேன் என்று உனக்குக் கோபம் வரும், வரட்டும். உனக்கு விருப்பமில்லையென்றால் தடுக்கவும் வழி இருக்கிறது. எனக்கு எழுதாதே, தொலைபேசியிலும் சொல்லாதே. சனிக்கிழமை வீட்டுக்கு வா. அவருக்கு முன்னால் இரு. அன்று தண்ணீரில் நின்று டேனிஷில் சொன்னதை அவருடைய முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லு. "அப்பா, உங்களை நம்பேலாது" என்று சொல்லு. சொல்லிவிட்டாய் என்றால் நானே உன் மனைவியிடம் பேசி எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுகிறேன்.

அந்த வசனத்தை இங்கே எழுதும்போதே என் கை நின்றுவிட்டது. உன் வாய் என்ன செய்கிறது என்று பார்க்கிறேன்.

அம்மா